குச்சிக்கிழங்குத் தேமல்: 97 சதவீதம் பொருந்தினால் புது வைரஸா?

கேள்வி: "ஆத்தூர் பக்கம் நாலு ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறோம், மேடம். அப்பா காலத்திலிருந்து முள்ளுவாடி ரகம்தான். போன பட்டத்தில் தேமல் அதிகம் என்பதால் இந்தத் தடவை நோய் எதிர்ப்பு ரகம் என்று சொல்லி வெளியூர் விவசாயி ஒருவர் கொடுத்த குச்சியை இரண்டு ஏக்கரில் நட்டேன். அதிலும் பாதிச் செடி மஞ்சள் அடித்து, இலை சுருண்டு நிற்கிறது. இலையை ஒரு லேபில் கொடுத்தேன். 'இலங்கை மரவள்ளி தேமல் வைரஸ், 97 சதவீதம் பொருந்துகிறது' என்று ரிப்போர்ட் வந்தது. இன்னொரு லேபில் வைரஸே இல்லை என்கிறார்கள். மீதி 3 சதவீதம் புது வைரஸா? இலங்கை வைரஸ் இங்கே எப்படி வந்தது? எதிர்ப்பு ரகம் தோற்றுவிட்டதா? மருந்துக் கடையில் வாரம் ஒரு தடவை அடிக்கச் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஒரு வியாபாரி குச்சிக்கு நல்ல விலை தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா? அம்மா கேட்கச் சொன்னது: இந்தக் கிழங்கைச் சாப்பிடலாமா?"

பதில்: தம்பி, ஒரே கடிதத்தில் ஆறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை, எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புள்ளவைதான். முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 97 சதவீதம் என்றால் புது வைரஸ் இல்லை. உங்கள் வயலுக்கு இப்போது ஆபத்து வைரஸின் மரபணுவில் இருக்கும் அந்த 3 சதவீதத்தில் இல்லை, நீங்கள் லாரியில் ஏற்றி வந்த குச்சியில் இருக்கிறது. ஆனால் வைரஸ் வகை வகையாக இருப்பது ஒன்றுமே இல்லாத விஷயம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அது எங்கே உங்களைப் பாதிக்கும், எங்கே பாதிக்காது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இந்த வைரஸ் மிகச் சின்னது. வட்டமான இரண்டு டி.என்.ஏ. துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2,700 எழுத்துகள் (டி.என்.ஏ.யின் வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்). அவ்வளவுதான் மொத்தச் சொத்து. மரவள்ளிச் செடியின் மரபுத்தொகுதி எழுபது கோடி எழுத்துகளுக்கு மேல் என்று வைத்துப் பாருங்கள். இரண்டு துண்டுகளில் ஏ என்று பெயரிட்டது பெருகும் வேலையையும் மேலுறை செய்யும் வேலையையும் பார்க்கிறது. பி என்பது செடிக்குள் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு நகர்ந்து போவதற்கு. வெள்ளை ஈ பரப்பும் இந்தக் குடும்பத்து வைரஸ்களில், ஏ துண்டு முழுவதையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒற்றுமை 91 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் வேறு வைரஸ் என்று பெயர் வைப்பார்கள். அதே வைரஸுக்குள் வேறு கிளை என்று சொல்வதற்கு 94 என்பது கோடு. உங்களுடையது 97. அது ஏ துண்டு முழுவதையும் ஒப்பிட்ட கணக்கு என்றால், அதே வைரஸ், அதே கிளை. எழுத்துக் கணக்கில் எண்பது இடம் போல வித்தியாசம் இருக்கும், அதிலும் பல மாற்றங்கள் புரதத்தைத் தொடவே தொடாது. சேலத்தில் நாலு ஊரில் நாலு இலை பறித்தால் இந்த மாதிரி சின்னச் சின்ன வித்தியாசம் எப்போதும் இருக்கும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், இந்த வைரஸ் படியெடுக்கும்போது நிறையத் தப்பு விடுகிறது. டி.என்.ஏ. வைரஸ் என்றால் நிதானமாக மாறும் என்றுதான் ரொம்பக் காலம் நினைத்திருந்தார்கள். 2009இல் கிழக்கு ஆப்பிரிக்க மரவள்ளி வைரஸ்களை வைத்துக் கணக்குப் போட்டபோது, ஏ துண்டில் ஆயிரம் எழுத்துக்கு ஆண்டுக்கு ஒன்றுக்கும் மேல் மாறுகிறது என்று வந்தது. வேகமாக மாறுவதற்குப் பேர்போன ஆர்.என்.ஏ. வைரஸ்களின் வேகத்துக்குப் பக்கத்தில் வருகிறது இது. அதனால் உங்கள் ஒரே செடிக்குள் இருப்பதுகூட ஒரே அச்சில் வார்த்த வைரஸ் இல்லை, கொஞ்சம் கொஞ்சம் மாறின ஒரு கூட்டம்.

சரி, இலங்கை கேள்விக்கு வருகிறேன். யாரும் கடல் தாண்டிக் கொண்டுவந்து உங்கள் வயலில் விட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இலங்கை மரவள்ளியில் எடுத்த மாதிரியை வைத்து அதைத் தனி வைரஸாகப் பிரித்துக் காட்டியதால் அந்தப் பெயர், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் எடுக்கும் மாதிரிகளில் பெரும்பாலும் இதுதான் வருகிறது. 'இந்திய' என்று பெயருள்ள இன்னொரு மரவள்ளி தேமல் வைரஸ் நம் பக்கம் அதைவிடக் குறைவு.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கதை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 2002இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்து ஆய்வாளர்களும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து இரண்டு வைரஸையும் பக்கத்தில் வைத்து முழுசாகப் படித்தார்கள். ஏ துண்டுகள் இரண்டும் நன்றாகவே வேறுபட்டன. பி துண்டுகளோ ஏறக்குறைய ஒரே மாதிரி. இது எப்படி நடக்கும்? அவர்கள் வந்த முடிவு: இலங்கை வைரஸின் முன்னோர் ஒற்றைத் துண்டோடு பிழைத்துக்கொண்டிருந்த ஒரு வைரஸ்; ஏதோ ஒரு செடிக்குள் இந்திய வைரஸோடு சேர்ந்து இருந்தபோது, அதன் பி துண்டைத் தனக்கு எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்துக்கொண்டதுதான் இன்று தமிழ்நாட்டு வயல்களில் ஆட்சி செய்கிறது.

அதற்கு மேலே இன்னொன்றும் உண்டு. மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. போர்த்துகீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது, பிறகு 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். அதன் சொந்த ஊரான தென் அமெரிக்காவில் இந்தத் தேமல் வைரஸ்கள் கிடையாது. ஆப்பிரிக்காவில் உள்ளவை ஒரு கூட்டம், நம்மிடம் உள்ளவை வேறு கூட்டம். அப்படியென்றால் ஒவ்வொரு இடத்திலும் உள்ளூர்க் காட்டுச் செடிகளில் ஏற்கெனவே இருந்த வைரஸ்கள்தான் வந்தேறிய மரவள்ளிக்குத் தாவியிருக்க வேண்டும். இந்தியாவில் முதன்முதலில் இதை எழுதிவைத்தது 1956இல். உங்கள் தாத்தா காலத்து நோய், தம்பி, நேற்று கப்பலில் வந்தது இல்லை.

வேலியில் காட்டாமணக்கு இருக்கிறதா? இருந்தால் அதன் இலையிலும் மஞ்சள் தேமல் தெரிகிறதா என்று பாருங்கள், இந்திய மரவள்ளி வைரஸின் கிளைகளை அதிலும் கண்டிருக்கிறார்கள். தேமல் பிடித்த காட்டாமணக்கை மரவள்ளிப் பக்கத்தில் வைத்திருப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

இப்போது லேப் விவகாரம். வைரஸ் வகை வகையாக இருப்பது உங்கள் பையைத் தொடுகிற முதல் இடம் இதுதான். பி.சி.ஆர். சோதனை என்பது வைரஸின் டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட ஒரு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் சின்ன இழையை வைத்துத்தான் நடக்கிறது, பிரைமர் என்பார்கள். அந்த இடத்தில் உங்கள் வயல் வைரஸில் இரண்டு மூன்று எழுத்து மாறியிருந்தால் பிரைமர் சரியாக ஒட்டாது, ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வரும், செடி மட்டும் மஞ்சள் அடித்துக்கொண்டே நிற்கும். அல்லது அந்த லேபில் இந்திய வைரஸுக்கான பிரைமரை மட்டும் போட்டிருக்கலாம். இன்னும் சாதாரணமான காரணங்களும் உண்டு. மரவள்ளி இலையில் பாலும் பிசின் மாதிரிப் பொருள்களும் அதிகம், டி.என்.ஏ.யைச் சுத்தமாகப் பிரிக்காவிட்டால் சோதனையே ஓடாது. நீங்கள் அடியில் இருக்கும் முற்றின இலையைப் பறித்துக் கொடுத்திருந்தாலும் பிடிபடாமல் போகலாம், ஏனென்றால் வைரஸ் செடி முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. நுனியில் புதிதாக விரிந்து, தேமல் தெளிவாகத் தெரிகிற இலையைக் கொடுக்க வேண்டும். அதுவும் ஒரு செடியில் இல்லை, ஐந்தாறு செடிகளில் தனித்தனியாக.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. உங்கள் முதல் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள், எத்தனை எழுத்தை ஒப்பிட்டார்கள் என்று போட்டிருக்கும். ஐந்நூறு, அறுநூறு என்று இருந்தால் அது மேலுறைப் புரத மரபணுவின் ஒரு துண்டாகத்தான் இருக்கும், பல லேப்களில் அதைத்தான் படிக்கிறார்கள். மேலுறை மரபணு இந்த வைரஸ்களில் மிகக் குறைவாக மாறும் பகுதி. அதனால் அதை வைத்துத் தேமல் வைரஸ் இருக்கிறது என்று சொல்லலாம், புதுக் கிளையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் மேலே சொன்ன 91, 94 கோடுகள் ஏ துண்டு முழுவதற்கும் உரியவை. ஆக, 'புது வைரஸ் வந்துவிட்டது' என்று ஒரு துண்டை வைத்து யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம், 'பழையதுதான்' என்று அதே துண்டை வைத்துச் சத்தியம் செய்தாலும் முழுசாக நம்ப வேண்டாம்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உகாண்டாவில் நடந்தது அப்படி. 1980களின் கடைசியில் அந்த நாட்டின் வடக்கில் தேமல் திடீரென்று மிகக் கடுமையாக மாறி, ஆண்டுக்கு ஆண்டு தெற்கே இறங்கியது. சனங்கள் மரவள்ளியையே கைவிட்ட மாவட்டங்கள் உண்டு, அது அவர்களுக்குச் சோறு, நமக்கு மாதிரி ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புகிற சரக்கு இல்லை. மேலுறைப் புரதத்தை வைத்து வைரஸை அடையாளம் காணும் சீரம் சோதனையில் பார்த்தால் பழைய ஆப்பிரிக்க மரவள்ளி வைரஸ் மாதிரியே காட்டியது. 1997இல் முழு எழுத்தையும் படித்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது: கிழக்கு ஆப்பிரிக்க வைரஸ் ஒன்று, ஆப்பிரிக்க மரவள்ளி வைரஸின் மேலுறை மரபணுவிலிருந்து நடுப்பகுதியை எடுத்துத் தன்னுடையதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேலுறையை மட்டும் பார்க்கிற சோதனைக்கு அது பழைய ஆளாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அந்த ஒட்டு வைரஸும் பழைய வைரஸும் ஒரே செடியில் சேர்ந்தபோதுதான் மிகக் கடுமையான தேமல் வந்தது.

இப்படிச் சேரும்போது ஏன் மோசமாகிறது என்பதும் தெரியும். வைரஸ் நுழைந்தால் செடி சும்மா இருப்பதில்லை, வைரஸ் தன் டி.என்.ஏ.யிலிருந்து எடுக்கும் ஆர்.என்.ஏ. படிகளை இருபத்தி சொச்சம் எழுத்துள்ள துணுக்குகளாக நறுக்கி, அந்தத் துணுக்குகளையே அடையாளமாக வைத்து மேலும் மேலும் நறுக்கும். வைரஸ் அதற்கு எதிராக ஒரு புரதம் வைத்திருக்கும். ஆய்வகத்தில் பார்த்ததில், இலங்கை வைரஸ் ஏசி-4 என்ற புரதத்தை வைத்துச் செடியின் இந்த வேலையைக் கெடுக்கிறது, இந்திய வைரஸ் ஏசி-2 என்ற வேறொரு புரதத்தை வைத்துக் கெடுக்கிறது. இரண்டும் ஒரே செடியில் இருந்தால் பாதுகாப்பு இரண்டு பக்கமும் உடையலாம். வெவ்வேறு ஊர்க் குச்சியை ஒரே வயலில் கலந்து நடக்கூடாது என்று நாங்கள் தலையில் அடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். இரண்டு வைரஸும் சந்தித்துத் துண்டு மாற்றிக்கொள்ளும் இடம் அப்படிப்பட்ட வயல்தான்.

எதிர்ப்பு ரகம் தோற்றுவிட்டதா? எனக்குச் சந்தேகம் வேறு. மரவள்ளியை விதை போட்டு வளர்ப்பதில்லை, குச்சியை வெட்டி நடுகிறோம், அதனால் ஒரு ரகத்தின் எல்லாச் செடியும் மரபளவில் ஒன்றேதான். வைரஸ் மாறி அந்த ரகத்தின் எதிர்ப்பை உடைத்திருந்தால் வயல் முழுக்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி நோய் ஏறியிருக்க வேண்டும். உங்கள் வயலில் ஒரு செடி முழுக்கச் சுருண்டும் அதற்கு அடுத்த செடி மாசுமருவே இல்லாமலும் நிற்கிறது என்றால், உங்களுக்கு வந்தது பல ரகம் கலந்த குச்சியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இன்று மாலையே வயலுக்குப் போய் நோயுள்ள செடியையும் நல்ல செடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இலைக்காம்பின் நிறம், நுனித் தளிரின் நிறம், தண்டின் நிறம், இலை மடலின் அகலம். இரண்டும் வேறு வேறாக இருந்தால் கேள்வி முடிந்தது. இருக்கிற நோயாளிச் செடி எச்-226 ரகமாகக்கூட இருக்கலாம், சேலம் பக்கம் அது நிறைய உண்டு, தேமல் அதைப் போட்டுத் தாக்கும்.

எல்லாம் ஒரே ரகம்தான் என்று உறுதியானால், நோய் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எதிர்ப்பு என்றால் வைரஸ் நுழையவே முடியாது என்று அர்த்தமில்லை. பல எதிர்ப்பு ரகங்களில் இளம் பருவத்தில் ஓரிரண்டு இலையில் தேமல் வரும், அப்புறம் வரும் இலை சுத்தமாகிவிடும், உள்ளே கொஞ்சமாக வைரஸ் இருக்கும். அப்படி மேல் இலைகள் தெளிந்துகொண்டே போனால் விட்டுவிடுங்கள்.

ஆனால் எதிர்ப்பு என்றைக்குமே உடையாது என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். மரவள்ளியில் தேமலை எதிர்க்கும் மரபணு ஆதாரங்கள் மிகச் சில. பழையது, 1930களில் டாங்கனிக்காவின் (இன்றைய தான்சானியா) அமானி ஆய்வு நிலையத்தில், மரவள்ளியின் உறவான சியரா ரப்பர் மரத்தோடு இனக்கலப்பு செய்து எடுத்தது. இன்னொன்று மேற்கு ஆப்பிரிக்க நாட்டு ரகங்களில் கிடைத்த ஒற்றை மரபணு, இன்று உலகெங்கும் வரும் எதிர்ப்பு ரகங்களில் பெரும் பங்கு அதன் தோளில் நிற்கிறது. அது என்ன மரபணு என்று 2022இல்தான் பிடித்தார்கள்: செடி தன் டி.என்.ஏ.யைப் படியெடுக்க வைத்திருக்கும் நொதியின் ஒரு பகுதியில் வந்த மாற்றம். இந்த வைரஸிடம் சொந்தமாகப் படியெடுக்கும் நொதி கிடையாது, செடியிடம் இரவல் வாங்கித்தான் பெருகுகிறது. இரவல் கொடுக்கிற கருவியே கொஞ்சம் மாறிப்போனதால் வைரஸ் திணறுகிறது என்று படுகிறது. நம் வைரஸ்களுக்கு எதிராக இதுவரை நன்றாகவே தாக்குப் பிடிக்கிறது. ஆனாலும் எல்லாரும் ஒரே மரபணுவை நம்பி, ஒரே ரகத்தை மாவட்டம் முழுக்கப் போடுவதை நான் விரும்பவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கிற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்து ரகங்களில் ஸ்ரீ பத்மநாபா நைஜீரியாவிலிருந்து வந்த வரிசை, ஸ்ரீ ரக்‌ஷா, ஸ்ரீ சக்தி, ஸ்ரீ சுவர்ணா என்று மற்றவையும் உண்டு. உங்களுக்குப் பக்கத்திலேயே ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆலையில் பாயின்ட் (மாவுச்சத்து அளவு) எப்படி வருகிறது, உங்கள் மண்ணுக்கு எது ஒத்து வரும் என்று அங்கே கேட்டுவிட்டு எடுங்கள். எதிர்ப்பு நன்றாக இருந்து பாயின்ட் இறங்கினால் வீட்டில் அப்பா உங்களைத்தான் திட்டுவார்.

மருந்துக்கு வருவோம். வேண்டாம். வைரஸைக் கொல்கிற மருந்து எந்தக் கடையிலும் இல்லை, அவர் விற்பது வெள்ளை ஈக்கு. வெள்ளை ஈ வைரஸைக் கடத்துகிறது என்பது உண்மைதான், ஆனால் உங்கள் வயலில் பாதிச் செடி முளைக்கும்போதே தேமலோடு வந்தது என்றால் அந்த நோய் ஈ கொண்டுவந்ததே இல்லை, குச்சிக்குள் இருந்து வந்தது. அடியிலிருந்து வந்த முதல் இலைகளிலேயே தேமல் இருந்ததா, அல்லது அடி இலைகள் சுத்தமாக இருந்து மேலே வந்தவை மட்டும் தேமலா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். முதல் வகைக்குத்தான் கிழங்கில் பெரிய அடி விழும். நட்டு நாலு மாதம் கழித்து ஈ கொண்டுவந்த நோயால் அந்தப் பட்டத்து விளைச்சலில் அவ்வளவாகப் பாதிப்பு இருக்காது, அந்தச் செடியிலிருந்து அடுத்த பட்டத்துக்குக் குச்சி எடுத்தால்தான் வம்பு. வெள்ளை ஈயிலும் வகைகள் உண்டு என்பதைக் கூடச் சொல்லிவிடுகிறேன். சீனாவில் சோதித்தபோது ஆசியா இரண்டு-ஒன்று என்ற வகை இலங்கை வைரஸை நன்றாகப் பரப்பியது, உலகமெங்கும் பரவியிருக்கும் வேறு இரண்டு வகைகள் சொல்லிக்கொள்கிற மாதிரிப் பரப்பவில்லை. நம் ஊர்களில் ஆசிய வகைகள் தாராளம்.

வாராவாரம் அடிப்பதில் வேறொரு நஷ்டமும் இருக்கிறது. மாவுப்பூச்சி வந்து சேலம், நாமக்கல் முழுக்க மரவள்ளி காய்ந்தது நினைவிருக்குமே. அதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்த அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை 2022இல் உங்கள் ஏத்தாப்பூரிலேயே விட்டார்கள். நீங்கள் அடிக்கிற மருந்தில் முதலில் சாவது அந்தக் குளவியாகத்தான் இருக்கும்.

அதனால் செய்ய வேண்டியது இது. நோய் முளையிலேயே வந்த செடிகளை, பயிர் இளசாக இருக்கும்போதே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். பாதி வயலைப் பிடுங்கச் சொல்கிறாளே என்று கோபம் வரும். பயிர் நாலைந்து மாதம் தாண்டிவிட்டது என்றால் பிடுங்க வேண்டாம், கிழங்கு வருகிற வரை வரட்டும், ஆனால் அந்தச் செடிகளுக்கு இப்போதே பெயின்ட் அடித்தோ துணி கட்டியோ அடையாளம் போட்டுவிடுங்கள். இந்த அடையாளம் போடுவதைக் கோடைக்குத் தள்ளாதீர்கள். வெயில் ஏறினால் தேமல் மறையும். மேலே சொன்னேனே செடி வைரஸை நறுக்கும் என்று, அந்த நறுக்கல் வேலை சூட்டில் வேகமெடுக்கிறது. ஆய்வகத்தில் 25 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏற்றியதற்கே தேமல் குறைந்துபோனது. அதிலும் இலங்கை வைரஸ், செடி அப்படித் தேறி வருவதற்கு இடம் கொடுக்கிற வகை. அதனால் ஏப்ரல், மே மாதத்தில் பச்சைப்பசேல் என்று நிற்கும் செடியைப் பார்த்து நல்ல குச்சி என்று வெட்டி வைத்து, மழைக்கு நட்டதும் எல்லாம் மஞ்சளாக முளைப்பதை எத்தனையோ வயலில் பார்க்கலாம். உங்களுக்குக் குச்சி கொடுத்தவரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை, அவருக்கே தெரியாமல் போயிருக்கலாம்.

அடுத்த பட்டத்துக்கு, நடுவதற்கு முன் ஒரு சின்ன நாற்றங்கால் போடுங்கள். மூன்று நாலு கணு உள்ள சின்னத் துண்டாக வெட்டி, நெருக்கமாக நட்டு, மூன்று வாரம் போலத் தண்ணீர் விட்டு வளர்த்தால் நோயுள்ளது தானாக முகம் காட்டிவிடும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியை வயலுக்குக் கொண்டுபோகலாம். ஆள் கூலி கூடுதல்தான், மறுக்கவில்லை, ஆனால் வெளியூர்க் குச்சிக்கு நீங்கள் கொடுத்த காசையும் லாரி வாடகையையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். துத்தநாகச் சத்துக் குறைவையும் சிலர் தேமல் என்று நினைத்துப் பிடுங்கிவிடுகிறார்கள். சத்துக் குறைவில் நரம்புக்கு நடுவே மஞ்சள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், வயலில் பட்டை பட்டையாக வரும். தேமலில் மஞ்சள் தாறுமாறாக இருக்கும், இலை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

வியாபாரிக்குக் குச்சி கொடுக்காதீர்கள். நல்ல செடியின் குச்சி உங்களுக்கே வேண்டும், நோய்ச் செடியின் குச்சியை விற்றால் அவர் அதைத் தர்மபுரிக்கோ விழுப்புரத்துக்கோ கொண்டுபோய் அங்கே இருக்கும் வைரஸோடு உங்கள் வைரஸுக்குச் சம்பந்தம் பேசிவிடுவார். இது கற்பனை இல்லை. 2015இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் இந்த இலங்கை வைரஸைக் கண்டார்கள். அதுவரை தென்கிழக்கு ஆசியாவில் மரவள்ளித் தேமலே கிடையாது. 2017இல் வியட்நாமின் தேய் நின், அதற்கு அடுத்த ஆண்டு தாய்லாந்து, பிறகு சீனா, லாவோஸ். அந்த நாடுகளில் எடுத்த மாதிரிகள் எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. நம் ஊரில் நாலு வயலில் காணும் வித்தியாசம்கூட அங்கே நாடு விட்டு நாடு பார்த்தாலும் இல்லை. ஒரே ஒரு நுழைவிலிருந்து வேகமாகப் பரவினால்தான் அப்படி இருக்கும், வெள்ளை ஈ மட்டும் பறந்துபோய் அவ்வளவு தூரத்தை அவ்வளவு சீக்கிரம் கடக்காது, குச்சி ஏற்றின வண்டிகள் கடக்கும். வைரஸ் வகைகளைப் படிப்பதன் பெரிய பயன் எனக்கு இதுதான் என்று தோன்றும், யார் எங்கிருந்து எதைக் கொண்டுபோனார்கள் என்று மறைக்க முடியாமல் காட்டிக் கொடுத்துவிடும்.

நோய்க் குச்சிகளை வெட்டி வயல் ஓரத்தில் குவிக்காதீர்கள், ஈரத்தில் துளிர்த்துவிடும். காயவைத்து அடுப்புக்குப் போடுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், தாராளமாகச் சாப்பிடலாம். செடி வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது, மாட்டையும் செய்யாது. கிழங்கு சிறுத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் எந்த ரகம் என்றே தெரியாத கலப்புக் குச்சி என்பதால் ஒன்று: ஆலைக்குப் போடும் ரகங்கள் சிலவற்றில் கசப்பும் நச்சும் அதிகம், வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடுங்கள், கசந்தால் சாப்பிடவே வேண்டாம். அதற்கும் தேமலுக்கும் சம்பந்தமில்லை.